கலெக்டர் கோழி தின்ற வழக்கு

1. கருடன் மீது செருப்பு

கிராம சேவிகாவாக வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வாரம் நான் கருடன் மீது செருப்பை வீசினேன். கருடனைச் செருப்பால் அடித்தவள் என்ற பெயர் எனக்கு அந்த ஊரில் கடைசிவரை போகவில்லை.

அறுபதுகளின் நடுவில் நடந்தது. காஞ்சிபுரத்திலிருந்து கூரம் போகிற வழியில் ஒரு நெசவாளர் ஊர். பெயர் வேண்டாம், அங்கே போனால் இன்றும் எனக்குச் சோறு போடுகிறவர்கள் இருக்கிறார்கள். பிளாக் ஆபீசில் எனக்குக் கொடுத்த வேலை மூன்று: மாதர் சங்கம் நடத்துவது, புகையில்லா அடுப்பு போட்டுக் கொடுப்பது, கோழி வளர்க்கச் சொல்லித் தருவது. முட்டை என்ற சொல்லையே வாய்விட்டுச் சொல்லாத வீட்டில் பிறந்தவள் நான். டிரெயினிங்கில் கோழியின் பாகங்களை வரைந்து நல்ல மார்க் வாங்கியிருந்தேன். உயிரோடு ஒரு கோழியைக் கையில் கொடுத்தபோது அந்தப் படம் எதற்கும் உதவவில்லை.

மாதர் சங்கத்துக்கு டிபார்ட்மென்ட் நாற்பது ஒயிட் லெகார்ன் ஜாதிக் கோழிக்குஞ்சுகள் கொடுத்தது. சங்கத் தலைவி சம்பூரணம்மா. அவருடைய வீட்டுக்காரர் ஏகாம்பரம் மூன்று தறி வைத்திருந்தவர், பஞ்சாயத்துத் தலைவரும் அவர்தான். அவர்கள் வீட்டின் பின்கட்டு அறையில் ஒரு தறியைப் பிரித்துவிட்டிருந்தார்கள். நெய்கிறவர் காலை இறக்கி உட்காரும் தறிக்குழி மட்டும் காலியாகக் கிடந்தது. "இங்கியே வச்சுக்கோமா, பூட்டு போட்டு சாவிய நான் வச்சுக்கறேன்" என்றார் சம்பூரணம்மா. டிரெயினிங்கில் டீப் லிட்டர் என்று சொல்லித் தந்திருந்தார்கள், அதாவது தரையில் நாலு அங்குலம் உமி பரப்புவது. நான் தரைக்கு நாலு அங்குலமும் குழிக்கு முழங்கால் ஆழமும் உமி கொட்டிச் சமமாக்கினேன். அதைப் பார்த்து நானே என்னை மெச்சிக்கொண்டேன்.

பகலில் குஞ்சுகள் பின்பக்கத் தோட்டத்தில் மேயும். ஒருநாள் காலை சங்கத்துப் பெண்கள் பத்துப் பேருக்கு அங்கேயே பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். பாடத்தின் தலைப்பே 'குஞ்சுகளின் எதிரிகள்'. பருந்து என்று வாயைத் திறக்கிறேன், மேலே வெள்ளைத் தலையும் செம்பழுப்புச் சிறகுமாக ஒன்று வட்டமிட்டது. பத்துப் பேரும் எழுந்து நின்றார்கள். விரட்டப்போகிறார்கள் என்று நினைத்தேன். "கருடா, கருடா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அவர்கள் போட்டு முடிப்பதற்குள் அது இறங்கி ஒரு குஞ்சைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டது. குஞ்சு போகிற திசையிலும் இரண்டு பேர் கும்பிட்டார்கள்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. செருப்பைக் கழற்றி வீசினேன். அது கருடன்மேல் படவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் தெருவில் பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் இழை, நீட்டிக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தக் கஞ்சிப் பானைக்குள் போய் விழுந்தது.

"இன்னாமா இது! பெருமாள் வாகனத்து மேலயா செருப்ப வீசுவ? கண்ணு அவிஞ்சிடும்!" என்றார் சம்பூரணம்மா.

"அந்த வாகனந்தாம்மா உங்க குஞ்சத் தூக்கிக்கினு போவுது!"

"போனா போவட்டும். அது குடுத்து வச்ச குஞ்சு."

கஞ்சியைக் கொட்டிவிட்டு வேறு காய்ச்சினார்கள். அதற்கான அரிசி என் வீட்டிலிருந்து போனது. ஆனால் அன்று மத்தியானமே வழியும் கிடைத்தது. தறியில் அறுத்துப்போட்ட கழிவு நூலும் சரிகைத் துண்டும் அந்த ஊரில் குப்பைக்குச் சமம். தோட்டத்தின் குறுக்கும் நெடுக்குமாக ஆள் உயரத்துக்கு மேலே அதை இழுத்துக் கட்டினோம். நூல் பின்னல் இருக்கும் இடத்தில் பருந்து பாய்ந்து இறங்காது, சிறகு மாட்டிக்கொள்ளும் என்று அதற்குத் தெரியும். அதற்குப் பிறகு கருடன் வந்தது, வட்டமிட்டது, கும்பிடு வாங்கிக்கொண்டது, போய்விட்டது. சாமிக்கும் குறையில்லை, குஞ்சுக்கும் குறையில்லை.

2. கலெக்டர்

ஆறு வாரக் குஞ்சுகளானபோது ராத்திரியில் இழப்பு ஆரம்பித்தது. ஒருநாள் ஒன்று, இரண்டு நாள் கழித்து இரண்டு. சுவரோரம் இறகு கிடக்கும். ஒருமுறை பாதி உடம்பு கிடந்தது, காலையும் தொடையையும் கடித்துத் தின்றிருந்தது. சம்பூரணம்மா அதை விளக்குமாற்றால் தள்ளி முறத்தில் அள்ளித் தெருக்கோடிக் குப்பைமேட்டில் போட்டார். அடுத்த அரைமணி நேரத்தில் முனிரத்தினத்தின் நாய் வாயில் வெள்ளை இறகோடு தெருவில் நடந்து வந்தது. அவ்வளவுதான், வழக்கு முடிந்தது.

முனிரத்தினம் பாவு பிணைக்கிறவர். தறியில் ஒரு பாவு முடிந்ததும் புதுப் பாவின் ஆயிரக்கணக்கான இழைகளைப் பழைய இழைகளோடு ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்க்கும் வேலை. நாற்பது தாண்டியும் கல்யாணம் ஆகாதவர். ஒருநாளைக்கு ஏழெட்டு வார்த்தை பேசினால் அதிகம். அவருக்கு இருந்தது அந்தக் கறுப்பு நாய் ஒன்றுதான். எந்த வீட்டில் பாவு பிணைக்க உட்கார்ந்தாலும் அதுவும் பக்கத்தில் உட்காரும். அதற்குக் கலெக்டர் என்று பெயர் வைத்திருந்தார். ஏன் அந்தப் பெயர் என்று கேட்டேன். "எல்லா வூட்டுக்கும் போவும், நின்னு பாக்கும். ஒண்ணியும் செய்யாது" என்றார்.

பஞ்சாயத்துக் கூடியது. ஏகாம்பரம் நல்ல மனிதர். ஆனால் வீட்டில் சம்பூரணம்மா சொன்னதை வெளியில் தீர்ப்பாகச் சொல்கிற வழக்கம் உண்டு. "வெள்ளிக்கெயம டவுன்லேர்ந்து நாய் வண்டிய வரச் சொல்லிக்கிறேன். அதுக்குள்ள வேற யாராவது திருடன் இருந்தா காட்டுங்க" என்றார்.

நாய் வண்டியில் போன நாய் திரும்பி வராது. அது எல்லாருக்கும் தெரியும். முனிரத்தினம் எழுந்து, "அது செய்லபா" என்றார். மறுபடியும் உட்கார்ந்துகொண்டார். அவருடைய வாதம் அதோடு முடிந்தது. நாய் அவர் காலடியில் படுத்து, கூட்டத்தை ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

நான் பிளாக் ஆபீசுக்கு ரிப்போர்ட் எழுதினேன். அவசரத்தில் எழுதியது: 'சங்கத்துக் குஞ்சுகளைக் கலெக்டர் தின்றுவருவதாகப் பொதுமக்கள் புகார்.' பிளாக் ஆபீசின் தலைமை அதிகாரி பி.டி.ஓ. என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"ஏம்மா, நான் ரிடையர் ஆவறதுக்கு இன்னும் ஆறு வருஷம் இருக்குது. அதுக்குள்ள என்ன வூட்டுக்கு அனுப்பணும்னு எதனா வேண்டுதலா?"

நாய் என்று விளக்கியதும் மூச்சு விட்டார். பிறகு அதட்டினார். "எதுவா இருந்தாலும் கண்ணால பாத்து எழுது. ஊர்ல சொன்னாங்கன்னு எழுதாத. வெள்ளிக்கெயமக்குள்ள எனக்குக் காரணம் வேணும்."

அவர் சொன்னது அவருடைய பயத்துக்காக. ஆனால் சரியாகத்தான் சொன்னார்.

அறையைப் போய்ப் பார்த்தேன். கதவில் பூட்டு. ஜன்னலில் கம்பிவலை, எங்கும் அறுபடவில்லை. கலெக்டர் என் முழங்காலுக்கு மேல் உயரமுள்ள நாய். பூட்டைத் திறந்து, குஞ்சைத் தின்று, மறுபடி பூட்டிவிட்டுப் போகிற நாய் என்றால் அதை வண்டியில் ஏற்றக்கூடாது, உத்தியோகம் கொடுக்க வேண்டும். அதுவுமில்லாமல் நாய் பிடித்தால் நாலைந்தையாவது உதறிப் போட்டிருக்கும். பூனை என்றால் முழுசாகத் தூக்கிப் போயிருக்கும். கீரி கழுத்தைத்தான் கடிக்கும். இங்கே காலிலிருந்து கடித்திருக்கிறது. ஏதோ ஒன்று கீழேயிருந்து வருகிறது.

இதைத் தெருவில் சொன்னால் யாரும் காதில் வாங்கவில்லை. வேறு எந்தப் பிராணியின் பேரைச் சொன்னாலும் அதற்கு ஒரு சாமி ஜாமீன் நின்றது. பாம்பு என்றேன், சிவன் கழுத்தில் இருப்பது, அப்படிச் சொல்லாதே என்றார்கள். பூனையை அடித்தால் ஏழு ஜன்மத்துக்குப் பாவமாம். நரியைச் சொன்னேன், அதன் முகத்தில் முழித்தால் அதிர்ஷ்டமாம். கோயில் ஊருக்குப் பக்கத்தில் கோழி வளர்ப்பது எவ்வளவு கஷ்டம் என்று டிரெயினிங்கில் யாரும் சொல்லித்தரவில்லை. ஜாமீன் கிடைக்காத ஒரே கைதி கலெக்டர்.

3. மாவும் கோலமும்

கால் தடம் எடுப்பது என்று முடிவு செய்தேன். புதன்கிழமை சாயங்காலம் தரையிலிருந்த உமியை மட்டும் வாரி வெளியே எடுத்துவிட்டு, அறைக்கு உள்ளேயும் வாசற்படியிலும் அரிசி மாவைச் சலித்துத் தூவினேன். சம்பூரணம்மாவிடம் விவரமாகச் சொன்னேன். "காலையில நான் வர்ற வரைக்கும் யாரும் மிதிக்கக் கூடாதும்மா."

"யாரு மிதிக்கப் போறாங்க? நீ நிம்மதியா போமா."

காலையில் ஓட்டமும் நடையுமாகப் போனேன். வாசற்படியில் சாணம் தெளித்து, அருமையான ஒரு புள்ளிக்கோலம். உள்ளே சுத்தமாகப் பெருக்கியிருந்தது. இன்னொரு குஞ்சும் குறைந்திருந்தது.

"இன்னாம்மா இது?"

"மாவு கீழ கொட்டிக் கெடக்குது. அள்ளிக் கோலம் போடாம இன்னா பண்றது? பூச்சி வரும்ல?" என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. சம்பூரணம்மா யார் முகத்தையும் பார்க்காமல் பேசி நான் பார்த்ததில்லை. எனக்கு உள்ளுக்குள் ஒரு சின்னச் சந்தேகம் தட்டியது.

அன்று வியாழன். மறுநாள் வண்டி வரும்.

முனிரத்தினத்தைத் தேடிப் போனேன். ஒரு வீட்டில் பாவு பிணைத்துக்கொண்டிருந்தார், கலெக்டர் காலடியில். நடந்ததைச் சொன்னேன். நிமிராமலே, "மாவுன்னா பெருக்கிடலாம். சாயத்த இன்னா பண்ணுவாங்க?" என்றார். அன்றைய கணக்கில் அவருக்கு இனி ஒன்றிரண்டு வார்த்தைகள்தான் மிச்சம் இருந்திருக்கும்.

சாயப்பட்டறையில் அரக்குச் சாயம் காய்ச்சிப் பட்டு நூலை முக்கி எடுத்த பிறகு அடித்தண்ணீர் மிஞ்சும். ஒரு குடம் வாங்கி, இரண்டு பழைய சாக்குகளை அதில் ஊறவைத்தோம். சாயங்காலம் சம்பூரணம்மா விளக்குப் போடக் கோயிலுக்குப் போயிருந்தார். அவருடைய மருமகளிடம் சாவி வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். ஒரு சாக்கைக் கதவுக்கு உள்பக்கம் போட்டேன், இன்னொன்றை இறகு கிடந்த சுவரோரம். குஞ்சுகளை நடுவில் பெரிய கூடையால் மூடினேன். பூட்டிச் சாவியை மருமகளிடம் கொடுத்து, சாக்கைப் பற்றி அத்தையிடம் மூச்சு விடக்கூடாது என்றேன். மருமகளுக்கு அந்த வேலை ரொம்பப் பிடித்திருந்தது.

4. வண்டி வந்த காலை

வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கு நாய் வண்டி தெருவில் நின்றது. கம்பிக்கூண்டு, இரண்டு ஆட்கள், நுனியில் சுருக்குப் போட்ட மூங்கில் கழி. தெருவே கூடியிருந்தது. முனிரத்தினம் கலெக்டரைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த நாய்க்கு அதுவரை கழுத்தில் கயிறே ஏறியதில்லை. அது கயிற்றை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. சாக்கில் ஒன்றும் பதியாமல் போயிருந்தால் நான் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியவில்லை.

"ஐயா, வண்டியக் கொஞ்சம் நிறுத்தி வைங்க. நீங்களே வந்து அறையத் தொறந்து பாருங்க" என்றேன் ஏகாம்பரத்திடம்.

சம்பூரணம்மாவைக் காணோம். உள்கட்டில் பாயில் உட்கார்ந்திருந்தார், புடவையைக் கால்மேல் இழுத்து மூடிக்கொண்டு. சாவியைக் கேட்டதற்கு உட்கார்ந்தபடியே நீட்டினார். "எனக்குக் காலு வலிம்மா, நீங்க போங்க."

ஏகாம்பரம் கதவைத் திறந்தார். சுவரோரச் சாக்கிலிருந்து சின்னச் சின்னச் செந்தடங்கள், குட்டிக் கைவிரல்களைப் போல. நடுவே வால் இழுபட்ட கோடு. அவை நேராகத் தறிக்குழிக்குப் போய் உமிக்குள் மறைந்தன. கதவோரச் சாக்கிலிருந்து இன்னொரு தடம் கிளம்பியது. அது பெரியது. ஐந்து விரல், குதிகால், இரண்டாவது விரலில் மெட்டி அழுந்திய அடையாளம். அது குழிவரை போய், திரும்பி, அறையைத் தாண்டி, முற்றத்தைத் தாண்டி, பூஜை மாடத்தின் முன்னால் கொஞ்சம் நின்று, கிணற்றடிக்குப் போயிருந்தது. கிணற்றடியில் புளியும் சாம்பலும் தேங்காய் நாரும் கிடந்தன. தேய்த்துத் தேய்த்துப் பார்த்திருக்கிறார். காஞ்சிபுரத்துச் சாயம் அதற்கெல்லாம் மசியுமா?

ஏகாம்பரம் பெரிய தடத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். "காலக் காட்டு" என்றார்.

கல்யாணப் பெண்ணுக்கு நலங்கு வைத்தாற்போல இரண்டு பாதமும் அரக்குச் சிவப்பு. மருமகள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுக்களைக்குள் ஓடிவிட்டாள்.

உமியை அள்ளிப் போட்டோம். குழியின் மூலையில் தேங்காய் அளவுக்கு ஒரு வளை. அதன் வாயில் கடித்த கொழுக்கட்டை, தேங்காய்ச் சில்லு, பக்கத்தில் குஞ்சின் கால். தடத்தையும் வளையையும் பார்த்தாலே தெரிந்தது, பெருச்சாளி. குழிக்கு அந்தப் பக்கம் சாக்கடை. பாவுக்குப் போட்டு மிஞ்சிய கஞ்சியை வருஷக்கணக்காக அங்கேதான் ஊற்றி வந்திருக்கிறார்கள். கஞ்சிக்கு வந்தது, வளை தோண்டிக் குழிக்கு வந்தது. நான் முழங்கால் ஆழம் உமி கொட்டி அதன் வாசலுக்குத் திரை போட்டுக் கொடுத்திருந்தேன். டீப் லிட்டரில் அந்த டீப் என்னுடைய சொந்தச் சரக்கு.

சம்பூரணம்மா அழுதுகொண்டே சொன்னார். "ஒருநாள் விடியக்கால கூட்டத் தொறந்தேன். குழிகிட்ட நின்னு என்னியே பாத்துக்கினு இருந்துச்சுமா. அது வந்ததுலேர்ந்து வூட்டுல ஒரு பொடவயும் விக்காம தங்கல. நெய்ய நெய்யப் போயிக்கினே இருக்குது. புள்ளையாரே வண்டிய அனுப்சிக்கிறாருன்னு நெனச்சேன். அதான் கொயக்கட்ட வச்சேன்."

"குஞ்சத் துன்னதும் அதுதான்னு தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியும்."

"தெருவுல இன்னொரு வண்டி நிக்குதே, அத யாரு அனுப்சது?"

அவர் சிவந்த பாதங்களோடு எழுந்து தெருவுக்கு வந்தார். அத்தனை பேருக்கு முன்னால் முனிரத்தினத்திடம் போய், "என்ன மன்னிச்சுடுபா" என்றார். நான் கொஞ்சம் முன்னால்வரை அவர்மேல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அந்த நிமிஷம் அவரை எனக்குப் பிடித்துப்போனது. தலைவியாக இருந்துகொண்டு அப்படி வந்து நிற்க எல்லாராலும் முடியாது.

வண்டி காலியாகத் திரும்பியது. பெருச்சாளியை அடிக்க மட்டும் ஒருவரும் சம்மதிக்கவில்லை. பழைய தறிக்கட்டையில் பெட்டிப்பொறி செய்து, தேங்காய் வைத்துப் பிடித்து, ஏரிக்கரைப் பிள்ளையாரிடம் கொண்டுபோய் விட்டார்கள். அவருடைய வாகனம், அவர் பாடு. வளையில் கருங்கல்லும் கண்ணாடிச் சில்லும் போட்டுச் சுண்ணாம்புக் காரை பூசினோம். குழியைத் தூர்த்தோம். குஞ்சுகளுக்குக் கால் வைத்த மரக்கூண்டு வந்தது. கஞ்சி ஊற்றும் இடம் தெருக்கோடிக்கு மாறியது. அதன் பிறகு ராத்திரியில் ஒரு குஞ்சும் போகவில்லை. சம்பூரணம்மாவின் பாதம் வெளுக்க இரண்டு வாரத்துக்கு மேல் ஆயிற்று.

5. இன்னொரு தபா

எனக்கு ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. மறுநாள் முனிரத்தினத்திடம் கேட்டேன். "அண்ணே, எல்லாப் பிராணிக்கும் ஒரு சாமி வந்து நின்னுச்சு. நாயும் வைரவருக்கு வாகனந்தானே. பஞ்சாயத்துல அத ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஏகாம்பரம் ஐயா தொட்டிருக்கவே மாட்டாரே. எங்க யாருக்குமே தோணல. உங்களுக்குமா தோணல?"

"தோணுச்சு" என்றார். கை இழைகளை முறுக்கிக்கொண்டே இருந்தது. "சொல்லியிருந்தா சாமிக்குப் பயந்துக்கினு வுட்டுருப்பாங்கமா. குஞ்சத் துன்ன நாயின்ற பேரு அப்டியே நின்னிருக்கும். அது துன்லன்னு சொல்லி வுடணும். அதுக்குத்தான் வாய மூடிக்கினு இருந்தேன்."

அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

முப்பது வருஷம் இந்த வேலை பார்த்தேன். புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: குஞ்சு செத்தால் முதலில் உங்கள் கூட்டைச் சோதியுங்கள், பிறகு தடத்தைப் பாருங்கள், அதற்குப் பிறகு பேரைச் சொல்லுங்கள். ஊர் முதலில் சொல்கிற பேர் பெரும்பாலும் எதிர்த்துப் பேச ஆளில்லாதவனின் பேராகத்தான் இருக்கும். நாயானாலும் மனுஷனானாலும் அப்படித்தான்.

அன்றைய ரிப்போர்ட்டில் 'காரணம்' என்ற இடத்தில், 'பெருச்சாளி. நாய் குற்றமற்றது' என்று எழுதினேன். இரண்டாவது வாக்கியம் டிபார்ட்மென்டுக்குத் தேவையில்லை என்று பி.டி.ஓ. அடித்தார். நான் மறுபடி எழுதிக் கொண்டுபோனேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அடுத்த சங்கக் கூட்டத்தில் ஏகாம்பரம், சம்பூரணம்மா, தெருவிலிருந்த அத்தனை பேரையும் வைத்துக்கொண்டு அதை உரக்கப் படித்தேன். படித்து முடித்துத் தாளை மடிக்கும்போது கடைசி வரிசைக்கும் பின்னாலிருந்து குரல் வந்தது. முனிரத்தினம் நின்றுகொண்டிருந்தார், பக்கத்தில் கயிறில்லாமல் கலெக்டர்.

"அந்தக் கடசி வரிய இன்னொரு தபா படிமா" என்றார்.